பெங்களூரில் வாடகை வீடு தேடித்தரும் சேவைகள்: எந்த வழியில் பாகுபாடு குறைவு?

பெங்களூரில் வீடு தேடுகிறவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள்: புரோக்கர், தரகர் இல்லாத செயலி, தெருவில் தொங்கும் டு-லெட் போர்டு, காலி செய்துவிட்டுப் போகிறவர் கைமாற்றிவிடும் வீடு, கடைசியாகப் பி.ஜி. எனப்படும் பேயிங் கெஸ்ட் விடுதி. வாடகை, வசதி, வேகம் என்று இவற்றை ஒப்பிட்டு எழுதியவர்கள் ஏராளம். இங்கே அளவுகோல் வேறு. சாதி, மதம், மொழி, சாப்பாடு, கல்யாணம் ஆகாதவர் என்று ஏதாவது ஒரு காரணத்தால் வீடு மறுக்கப்படுகிறவருக்கு எந்த வழி எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எந்தக் கட்டத்தில் கைவிடுகிறது, கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை மட்டும் பார்க்கிறோம்.

சேவைகளுக்குள் போவதற்கு முன் கேள்விகளைப் புரிந்துகொள்ள வேண்டும். 'என்ன சாதி?' என்று வாய்விட்டுக் கேட்கும் ஓனர்கள் குறைவு. கன்னடத்தில் 'நீவு யாவ ஜனா?' என்பார்கள், தமிழர்கள் அதிகம் வாழும் அல்சூர் பக்கத்துத் தமிழ் ஓனர் 'நீங்க என்ன ஆளுங்க?' என்பார். அதைவிட அதிகம் வருவது சுற்றுவழிக் கேள்விகள்தான். தமிழர்களின் பெயரில் முன்னெழுத்துதான் இருக்கும், சாதிப் பின்னொட்டு இருக்காது. பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததால் 'சொந்த ஊர் எது?', 'ஊர்ல எந்தத் தெரு?', 'அப்பா பேர் என்ன?', 'குலதெய்வம் எது?' என்று கேள்வி நீளும். இதில் தமிழ் ஓனரும் தமிழ் புரோக்கரும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். விழுப்புரம், தர்மபுரி, திருநெல்வேலி என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே அங்கே எந்தத் தெருவில் யார் இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கன்னடக்காரருக்கோ மார்வாடிக்கோ அது தெரியாது. 'நம்ம ஆளு, நம்ம பாஷை' என்ற நம்பிக்கையில் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது 'வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?'. இந்தக் கேள்விக்குப் பின்னால் உண்மையாகவே சமையல் வாசனைக் கவலை இருக்கலாம். கீழ்வீட்டில் ஓனர் குடும்பம், நடுவில் ஒரு மரக்கதவு மட்டும் என்றால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. சாதியையும் மதத்தையும் வாயால் சொல்லாமல் சலித்தெடுக்க இதே கேள்வி பயன்படுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: 'வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் பரவாயில்லையா?' என்று கேளுங்கள். வாசனைதான் பிரச்சினை என்றால் 'அது உங்க இஷ்டம்' என்பார்கள். வீடு தேடுகிறவரே சைவம் என்று சொன்ன பிறகும் 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று விசாரணை தொடர்ந்தால், சாப்பாடு காரணமே இல்லை.

இனி புரோக்கர். கமிஷன் வழக்கமாக ஒரு மாத வாடகை, பல இடங்களில் ஓனரிடமும் தனியாக வாங்குவார்கள். எந்த ஓனர் யாருக்குத் தருவார் என்பது புரோக்கருக்கு மனப்பாடம். அதனால் வாசலில் நின்று அவமானப்பட வேண்டியது குறையும். அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலை கண்ணுக்குத் தெரியாது. ஒருவருக்குக் காட்டும் நான்கு வீடும் இன்னொருவருக்குக் காட்டும் நான்கு வீடும் ஒரே பட்ஜெட்டில் வேறு வேறு தெருவில் இருக்கும். ஒதுக்கப்படுகிறவருக்கு ஈஜிபுரா, விவேக் நகர், மர்ஃபி டவுன், சிவாஜி நகர். மற்றவருக்கு ஜெயநகர், மல்லேஸ்வரம். யாரும் மறுக்கவில்லை, ஆனால் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இதைச் சோதிக்க, புரோக்கர் வருவதற்கு முன் அந்தப் பகுதியை ஒரு சுற்று நடந்து டு-லெட் போர்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பத்து போர்டு தொங்கும் தெருவில் 'ஒண்ணுமே காலி இல்லை சார்' என்றால் காரணம் வேறு.

புரோக்கரிடம் பணம் போவது பெரும்பாலும் டோக்கனில். வீடு பிடித்ததும் 5,000 அல்லது 10,000 ரூபாயை அவசரப்படுத்தி வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் ஆதார் நகல் பார்த்த பிறகு 'ஓனர் பையனே வந்து தங்கப் போறானாம்' என்று பதில் வரும், டோக்கன் திரும்பி வர இழுத்தடிப்பார்கள். அதனால் மூன்று விஷயத்தை வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்: டோக்கன் ஓனரின் கணக்குக்கே நேராகப் போகும், ஓனர் பின்வாங்கினால் அன்றே முழுத்தொகையும் திரும்பும், ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சாவி கைக்கு வந்த பிறகே கமிஷன். இதற்குச் சம்மதிக்காத புரோக்கரை விட்டுவிடலாம்.

ஆதார் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசி நேர மறுப்பு இங்கேதான் நடக்கிறது. ஆதாரில் ஊர் முகவரி முழுதாக இருக்கிறது. அதில் 'காலனி' என்றோ, தலைவர் பெயரிட்ட நகர் என்றோ இருந்தால் தெரிந்தவர் சாதியைப் படித்துக்கொள்வார். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். பழைய ஆதாரில் அச்சானது அதனால் தானாக மாறிவிடாது. மறைக்கப்பட்ட ஆதார் என்று இறக்கிக்கொள்ளும் வடிவம் எண்ணின் முதல் 8 இலக்கங்களை மட்டும் மறைக்கும், முகவரி அப்படியே இருக்கும். வீடு பார்க்கும்போது எந்த அடையாள அட்டையும் தரத் தேவையில்லை. டோக்கன் கட்டத்தில் பான் அட்டையும் அலுவலக அடையாள அட்டையும் போதும், பான் அட்டையில் முகவரி கிடையாது. ஆதாரை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது, போலீஸ் சரிபார்ப்புக்காகத் தந்தால் போதும். இந்த வரிசையைக் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை குறையும். மறைத்துத்தான் வாழ வேண்டுமா என்று கோபம் வருவது நியாயம். அடையாளத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பது வீடு தேடுகிறவரின் முடிவு. அதை ஓனர் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த வரிசை.

செயலிகள் இதை மாற்றியிருக்க வேண்டும். ஒரு விஷயத்தில் மாற்றியும் இருக்கின்றன. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஒரு காலத்தில் எழுதாத சட்டம். செயலியில் பக்கத்து வீட்டின் விவரமும் தெரிவதால் பேரம் பேச முடிகிறது, ஆறு மாதம், சில இடங்களில் மூன்று மாதம் என்றும் இறங்கி வருகிறார்கள். பாகுபாட்டில் அப்படி இல்லை. 'குடும்பத்துக்கு மட்டும்', 'பேச்சிலர் வேண்டாம்', 'அசைவம் கூடாது' என்று ஓனர் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். முன்பு முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியதை இப்போது வசதியாகச் சொல்ல முடிகிறது. தேடுகிறவர் பக்கமிருந்து பார்த்தால் இந்த வடிகட்டியில் ஒரு நன்மையும் உண்டு, வீண் அலைச்சல் மிச்சம். ஆனால் அதில் வராத காரணங்கள்தான் பெரிது. மதத்துக்கும் சாதிக்கும் கட்டம் கிடையாது, அதனால் அவை தொலைபேசிக்கு நகர்ந்துவிடுகின்றன.

2015-இல் டெல்லியிலும் அதன் புறநகர்களிலும் ஒரு பெரிய வீட்டு விளம்பர இணையதளம் வழியாக ஓர் ஆய்வு நடந்தது. 171 ஓனர்களுக்கு வெவ்வேறு பெயர்களில் 681 விண்ணப்பங்கள். உயர்சாதிப் பெயருக்குப் பதில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35, முஸ்லிம் பெயருக்கு 22. பட்டியல் சாதி, பிற்பட்ட சாதிப் பெயர்களுக்கு அந்த முதல் கட்டத்தில் தெளிவான பாகுபாடு தென்படவில்லை. இந்தக் கடைசி வரியை வைத்து 'சாதி ஒழிந்துவிட்டது' என்று முடிவுகட்டுவது தவறு. அந்த ஆய்வு அளந்தது ஓனர் பதில் தருகிறாரா என்பதை மட்டுமே. வீட்டு வாசலில், ஆதார் நகலில், ஊர் விசாரணையில் நடப்பது அதன் வரம்புக்கு வெளியே.

இதே விகிதத்தைச் செயலிகளின் கட்டணத் திட்டத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்கு உறைக்கும். கட்டணம் கட்டினால் இத்தனை ஓனர்களின் தொலைபேசி எண்கள் என்பதுதான் பொதுவான அமைப்பு. 25 எண்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 35 விகிதத்தில் ஏறக்குறைய 9 பேர் பதில் தருவார்கள், 22 விகிதத்தில் 5 அல்லது 6 பேர். இருவரும் கட்டியது ஒரே தொகை. மறுப்பு ஒவ்வொன்றும் கட்டிய எண்ணில் ஒன்றைத் தின்கிறது. 'பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்' என்ற புகாருக்கு அந்த எண்ணைத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தாலே ஒரு செயலிக்கு நல்ல மதிப்பெண் போடலாம். கட்டணம் கட்டும் முன் வாடிக்கையாளர் சேவையிடம் இதை எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் இலவசக் கணக்கோடு நிறுத்திக்கொண்டு, செயலியை அந்தப் பகுதியின் வாடகை நிலவரம் தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

மறுக்கப்படுகிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது நடந்து தேடுவதை. பழைய வழி, நேரம் பிடிக்கும். 'மனே பாடிகெகே இதே' (வீடு வாடகைக்கு இருக்கிறது) என்ற போர்டில் இருக்கும் எண்ணுக்கு அங்கேயே நின்று அழைத்தால், பெரும்பாலும் மாடியிலிருந்து ஓனரே எட்டிப் பார்ப்பார். நடுவில் ஆள் இல்லாததால் 'வேண்டாம்' என்பதை அவரே சொல்ல வேண்டும், நேரில் ஆளைப் பார்த்த பிறகு சிலருக்கு மனம் மாறுவதும் உண்டு. கமிஷனும் இல்லை. சனி, ஞாயிறு காலை 9 மணியிலிருந்து 12 வரை நல்ல நேரம். மாதத்தின் கடைசி பத்து நாளில் போர்டுகள் அதிகம், நோட்டீஸ் கொடுத்தவர்கள் காலி செய்யும் காலம் அது. கொஞ்சம் கன்னடம் பேசினால் வேலை எளிது. 'மனே நோட்பஹுதா?' (வீடு பார்க்கலாமா?) என்று ஆரம்பிக்கிறவருக்கும் நேராகத் தமிழில் ஆரம்பிக்கிறவருக்கும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றல்ல, காவிரிப் பிரச்சினை கொதிக்கும் மாதங்களில் இந்த வித்தியாசம் கூடும். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் இங்கே எரிந்தபோது இருந்தவர்கள் அதை மறக்கவில்லை. மொழியால் ஒதுக்கப்படுவது என்னவென்று தெரிந்த தமிழ் ஓனர்களே மாடி வீட்டுக்கு ஆள் வைக்கும்போது ஊரையும் தெருவையும் விசாரிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கைமாற்றி வாங்கும் வீடு இதைவிடவும் நல்லது. காலி செய்கிறவர் ஓனரிடம் 'நம்ம ஆபீஸ் ஆளு, நான் பொறுப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிக் கேள்வி வராது. தண்ணீர் எப்படி, அட்வான்ஸை ஓனர் ஒழுங்காகத் திருப்புகிறாரா, முந்தைய குடியிருப்பவரை எதற்காகக் காலி செய்யச் சொன்னார் என்பதெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதிலும் குறை உண்டு. அலுவலகக் குழுக்களிலும் நண்பர் வட்டங்களிலும் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குள்ளேயே வீடு சுற்றிக்கொண்டிருக்கும். வட்டத்துக்கு வெளியே இருப்பவர், குறிப்பாகப் படித்து முடித்து முதன்முதலாக நகரத்துக்கு வருகிறவர், அந்தச் செய்தியையே பார்க்க மாட்டார். குழுவில் இருக்கிறவர்கள் காலி செய்யும்போது தகவலைக் குழுவுக்கு வெளியேயும் அனுப்பினால் அது பெரிய உதவி.

பி.ஜி.யில் சாதி விசாரணை குறைவு, படுக்கைக் கணக்கில் ஆள் சேர்ப்பதால். முதல் மூன்று மாதம் தங்கி வீடு தேடச் சரியான இடம், அதற்கு மேல் குடும்பத்துக்கு ஆகாது.

'பேசாமல் லீஸுக்கு எடுத்துக்கோ' என்ற யோசனை அடிக்கடி வரும். வாடகை இல்லாமல் மொத்தமாகப் பல லட்சம் கொடுத்து இரண்டு, மூன்று வருடம் இருப்பது. வாடகைக்கு மறுத்தவர்கூட மொத்தப் பணம் என்றதும் இறங்கி வருவார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் கொடுத்தால், வங்கி வீட்டை ஜப்தி செய்யும் நாளில் பணமும் வீடும் போய்விடும். மறுப்பில் சலித்துப்போனவர்களை இந்தப் பள்ளத்தில் தள்ளுவது சுலபம் என்பதால் சொல்கிறோம்.

பாகுபாட்டின் விலையை ரூபாயிலும் சொல்லலாம். 18,000 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டிய சிங்கிள் பெட்ரூம் வீட்டை, 'எல்லாருக்கும் தருகிற' ஓனரிடம் 20,000-க்கு எடுக்கிறார் என்றால் 11 மாதத்தில் 22,000 கூடுதல். ஆறு மாத அட்வான்ஸில் இன்னொரு 12,000 முடங்கும். வீடு கிடைத்த பிறகும் விலை கொடுப்பது நிற்பதில்லை. ஓனர் ஊருக்குப் போன நாளில் மட்டும் மீன் வாங்குவது, கருவாடு வறுக்கும்போது ஜன்னலைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துவது, கழிவைக் கறுப்புப் பையில் இரண்டு சுற்றுச் சுற்றித் தெருமுனையில் போடுவது. அம்பேத்கர் படத்தை முன்னறையில் மாட்டாமல் படுக்கையறை அலமாரிக்குள் வைப்பது. 'ஆன்ட்டி கேட்டா சொல்லாதே' என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. பொய் சொல்வதற்குப் பயந்து மாடியிலிருந்து விளையாடப் போகாத பிள்ளைகள் உண்டு. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கருக்கு 1917-இல் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கி, தெரிந்துபோனதும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். அலுவலகம் போய் வந்துகொண்டே, யார் என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு தங்குவது இன்றும் நடக்கிறது.

சட்டம் எவ்வளவு உதவும்? அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, பொது உணவகம், விடுதி, பொழுதுபோக்கு இடங்களைச் சொல்கிறது, தனியார் வாடகை வீட்டைச் சொல்லவில்லை. 2005-இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் தகுதியைத் தங்கள் சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளும் துணைவிதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே மதத்துக்காக, மொழிக்காக, பேச்சிலர் என்பதற்காகத் தனி ஓனர் மறுத்தால் நேரடியாகப் பிடிக்கும் சட்டப்பிரிவு இல்லை. தீண்டாமை என்றால் உண்டு. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, குடியிருப்பு இடத்தில் வசிப்பதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதைக் குற்றம் என்கிறது, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு முக்கியமானது: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. பலர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகைக்கு வீடு மறுப்பதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. இதைத் தெரிந்து வைத்திருக்கும் புரோக்கர்கள் மிகக் குறைவு.

சாட்சி இல்லாமல் எதுவும் நிற்காது. 'வீடு போயிடுச்சு' என்று பதில் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு பெயருள்ள நண்பரை அதே எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். வேலை, சம்பளம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பது இருவருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பெயர் மட்டும் மாற வேண்டும். அவருக்கு 'வாங்க, பாருங்க' என்று பதில் வந்தால் இரண்டு அழைப்பின் நேரம், பதிவு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். விளம்பரம் பிறகு நீக்கப்படலாம் என்பதால் ஸ்கிரீன்ஷாட் முதலில். வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. கர்நாடகத்தில் காவல் நிலையத்தோடு சிவில் உரிமைகள் அமலாக்க இயக்ககத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது தனி. பதினோரு மாதம் என்று எழுதுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதுதான். வாயால் சொன்ன நிபந்தனைகள்தான் பிறகு காலி செய்யச் சொல்லும் சாக்காக மாறும். சமையல், விருந்தாளி, இரவு வரும் நேரம் பற்றி ஓனருக்கு நிபந்தனை இருந்தால் எழுத்தில் இருக்கட்டும், எழுத்தில் இல்லாதது நிபந்தனை இல்லை என்று ஒரு வரியும் சேருங்கள். சம்ப் தண்ணீரை நிறுத்துவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் குடியிருப்பவரை விரட்டக் கையாளும் வழி, அதனால் பெங்களூர் மின் நிறுவனமான பெஸ்காமின் தனி மீட்டர் உள்ள வீட்டுக்கே முதலிடம் கொடுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம். அதற்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும், சாவி கொடுத்த எத்தனை நாளில் மீதி அட்வான்ஸ் கணக்குக்கு வரும் என்றும் தேதியோடு எழுதி வாங்குங்கள். அபார்ட்மென்ட் என்றால் சங்கத்தின் சுற்றறிக்கைகளையும் கேட்டுப் படியுங்கள். ஓனர் சம்மதித்த பிறகு சங்கம் தடுப்பதும், வீட்டுவேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட் என்று பலகை மாட்டுவதும் அந்தக் காகிதங்களில்தான் இருக்கும்.

வரிசை கேட்டால்: கைமாற்றும் வீடு, நடந்து தேடுவது, எழுத்தில் நிபந்தனைக்குச் சம்மதிக்கும் புரோக்கர், அதன் பிறகே கட்டணச் செயலி. வைட்ஃபீல்டில் வேலை செய்கிறவர்கள் அல்சூரிலேயே தேடலாம், 2023 அக்டோபரிலிருந்து பர்ப்பிள் லைன் மெட்ரோ வைட்ஃபீல்டின் கடுகோடி நிலையம் வரை ஒரே வண்டியில் போகிறது. செயலி நடத்துகிறவர்களிடம் கேட்பது இரண்டு. பெயரைக் கேட்டு மறுக்கப்பட்ட அழைப்புக்கு எண்ணைத் திருப்பிக் கொடுங்கள். ஒரே ஓனர் மீது திரும்பத் திரும்ப இந்தப் புகார் வந்தால் அவர் விளம்பரத்தை இறக்குங்கள்.